காலை ரிப்போர்ட் வராத நாள்: சிறு வணிக சர்வரின் நிலவர அறிக்கையைப் பழுது பார்ப்பது எப்படி?

மழைக்காலத்தில் நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பைக் கையில் எடுத்தால் எங்கள் கண் முதலில் போவது அணைகளின் நீர்மட்டத்துக்குத்தான். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி. நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு. பாபநாசம் நிறைந்தால் 143 அடி, மணிமுத்தாறு நிறைந்தால் 118 அடி என்பது இங்கே பலருக்கு மனப்பாடம். அணைக்கு நேரில் போகாமலே, நாற்றுப் பாவலாமா இன்னும் நாலு நாள் பொறுக்கலாமா என்று ஒரு விவசாயி திண்ணையில் உட்கார்ந்தபடி முடிவெடுக்க அந்தச் சில வரிகள் போதும்.

சிறு வணிக நிறுவனத்தின் சர்வர் அனுப்பும் நிலவர அறிக்கையும் இதே வேலையைத்தான் செய்கிறது. கடையின் பின்னறையிலோ கணக்கரின் மேசைக்கு அடியிலோ ஒரு கணிப்பொறி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். டேலி கணக்கு, பில்கள், சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி கோப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்து யாரும் வேலை பார்ப்பதில்லை. பல இடங்களில் அதற்குத் திரைகூடக் கிடையாது. ஆகவே அது தன் உடல்நிலையைத் தானே எழுதி, தினமும் காலையில் முதலாளிக்கோ பராமரிப்பவருக்கோ மின்னஞ்சலில் அனுப்புகிறது. ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம், நேற்றிரவு பேக்கப் முடிந்ததா, டிஸ்க் பழுதாகும் அறிகுறி உண்டா, ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்டதா, யாராவது தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் முன்பு விற்ற ஸ்மால் பிசினஸ் சர்வரில் இந்த அறிக்கை கூடவே வந்தது. அதன் கடைசிப் பதிப்பான 2011க்கு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் பராமரிப்பவரே ஒரு சிறிய ஸ்கிரிப்ட் (சர்வர் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) எழுதி வைக்கிறார், அல்லது பேக்கப் மென்பொருளே அனுப்புகிறது. எப்படி வந்தாலும் அது நின்றுபோகும் விதங்கள் ஏறத்தாழ ஒன்றுதான்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை. அதன் சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். காலை ஏழு மணி ரிப்போர்ட் ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நான் தொலைபேசியில் கேட்டபோது ஆலைக்கார அண்ணாச்சி, "மற்றதெல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது தம்பி. அந்த மெயில் மட்டும்தான் வரவில்லை. அறுவடை நெருக்கடி முடியட்டும், பிறகு வாருங்கள்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பத்தொன்பதாம் நாள் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால், ரிப்போர்ட் நின்ற அதே இரவில் பேக்கப்பும் நின்றிருக்கிறது. இரண்டு வேலையும் ஒரே பயனர் கணக்கில் ஓடின. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருந்தார்கள். அறுவடைக் காலத்தின் பத்தொன்பது நாள் நெல் கொள்முதலை, ரசீதுக் கட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் நான்கு நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள்.

அன்றிலிருந்து "மெயில் மட்டும்தான் வரவில்லை" என்ற சொல்லை நான் நம்புவதில்லை. பாபநாசத்தின் நீர்மட்டம் ஒருநாள் அச்சாகவில்லை என்பதால் அணை பத்திரமாக இருக்கிறது என்று யாரும் எண்ணமாட்டார்கள். வராத ரிப்போர்ட்டையும் கெட்ட செய்தி வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கே பார்க்க வேண்டும்.

வாய்க்காலோடு நடப்பது

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? வயலில் நின்றுகொண்டு அணையைக் குறை சொல்லிப் பயனில்லை. பாளையங்கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணியில் பழவூர் அணைக்கட்டில் பிரிந்து, மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாக வருகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லையா, அணைக்கட்டில் மதகு திறக்கவில்லையா, நடுவில் அமலைச்செடி அடைத்திருக்கிறதா, கடைசியில் நம் மடைதான் மூடியிருக்கிறதா? விவரம் தெரிந்தவர் கால்வாயின் நடுப்பகுதிக்குப் போய் ஒரு பாலத்தின் மேல் நின்று பார்ப்பார். அங்கே தண்ணீர் ஓடினால் கோளாறு கீழே, ஓடாவிட்டால் மேலே. ஒரே பார்வையில் பாதி தூரம் நடக்கும் வேலை மிச்சமாகிவிடும்.

ரிப்போர்ட்டுக்கும் இப்படி ஒரு வழித்தடம் இருக்கிறது. குறித்த நேரத்தில் ஒன்று அதை எழுப்பிவிட வேண்டும். எழுந்த ஸ்கிரிப்ட் தகவல்களைச் சேகரிக்க வேண்டும். சேகரித்ததை ஒரு கோப்பாக எழுத வேண்டும். அந்தக் கோப்பு மின்னஞ்சல் சேவைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து உங்கள் இன்பாக்ஸுக்கு வர வேண்டும். இதில் நடுப்பாலம் எது என்றால், சர்வரில் எழுதப்படும் அந்தக் கோப்புதான். ரிப்போர்ட் கோப்பு எந்த ஃபோல்டரில் விழுகிறது என்று கண்டுபிடித்து, அதில் இன்றைய தேதியில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எழுப்புவதும் சேகரிப்பதும் சரி. கோளாறு அஞ்சல் பக்கம். இல்லாவிட்டால் அஞ்சலைத் தொடவே வேண்டாம், மேலே போங்கள்.

உங்கள் ரிப்போர்ட் கோப்பாக எழுதப்படாமல் நேரே மின்னஞ்சலாகப் போகிறதா? அப்படியானால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு கோப்பிலும் எழுதி வைக்கச் சொல்ல ஸ்கிரிப்டில் ஒரு வரி போதும். கூடவே, "தொடங்கினேன்", "டிஸ்க் பார்த்தேன்", "பேக்கப் பார்த்தேன்", "அஞ்சலுக்குக் கொடுத்தேன்" என்று ஒவ்வொரு படியையும் நேரத்தோடு ஒரு பதிவுக் கோப்பில் எழுத வைத்தால், பழுது பார்ப்பதில் பாதி வேலை முடிந்தது. பதிவுக் கோப்பின் கடைசி வரி எதுவோ, அதற்கு அடுத்த படியில்தான் ஸ்கிரிப்ட் விழுந்திருக்கிறது.

இரண்டாவது சோதனை, ரிப்போர்ட்டைக் கையால் ஓட்டிப் பார்ப்பது. கையால் ஓட்டினால் மின்னஞ்சல் வருகிறது, காலையில் தானாக வருவதில்லை என்றால் எழுப்பிவிடுவதில் கோளாறு என்று பொருள். என் அனுபவத்தில் அதிகம் பழுதாவது இந்த இடம்தான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எழுப்பிவிடும் கடிகாரம்

விண்டோஸ் சர்வரில் இந்த வேலையைச் செய்வது டாஸ்க் ஷெட்யூலர். "தினமும் காலை 7 மணிக்கு இந்த ஸ்கிரிப்டை, இந்தப் பயனரின் பெயரில் ஓட்டு" என்று அதில் எழுதி வைக்கிறோம். யாரும் லாக்-இன் செய்யாதபோதும் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், அது அந்தப் பயனரின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு யாராவது பாஸ்வேர்டை மாற்றினால், டாஸ்க் ஷெட்யூலரிடம் இருப்பது பழைய பாஸ்வேர்ட். மறுநாள் காலை அது பழைய சாவியைப் போட்டுத் திருகிப் பார்க்கும், கதவு திறக்காது, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். அரிசி ஆலையில் நடந்தது இதுதான். கணக்கு எழுதிக்கொண்டிருந்த பையன் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் பாதுகாப்புக்காகப் பாஸ்வேர்டை மாற்றினார். அவர் செய்தது முறையான காரியம். தவறு, ஒரு ஊழியரின் கணக்கில் சர்வரின் வேலைகளைக் கட்டி வைத்தது. ரிப்போர்ட்டுக்கும் பேக்கப்புக்கும் மனிதர் யாருக்கும் சொந்தமில்லாத தனிக் கணக்கு ஒன்று இருக்க வேண்டும்.

டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால் ஒவ்வொரு வேலைக்கும் நேராக, கடைசியாக எப்போது ஓடியது, அதன் முடிவு என்ன என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முடிவுக் கட்டத்தில் 0எக்ஸ்0 (திரையில் 0x0) என்றிருந்தால் ஸ்கிரிப்ட் முறையாக முடிந்தது என்று பொருள். ஆனால் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது என்று அதற்குப் பொருளில்லை. பலர் இங்கே ஏமாறுகிறார்கள். 0எக்ஸ்41303 என்றால் அந்த வேலை இன்னும் ஒருமுறைகூட ஓடவில்லை. 52ஈ (52E) என்று முடியும் நீண்ட எண் தெரிந்தால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. 0எக்ஸ்41301 என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசி எண்ணைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். மூன்று நாளைக்கு முன் தொடங்கிய ஓட்டம் எங்கோ சிக்கி நின்றிருக்கும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைத் தொடங்க வேண்டாம் என்பது அதன் இயல்பான அமைப்பு என்பதால், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு காலையும் வீணாகியிருக்கும். அதை நிறுத்திவிட்டு, இத்தனை நேரத்துக்கு மேல் ஓடினால் தானாக நிறுத்து என்று ஒரு வரம்பும் கொடுத்து வைக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அது போக, காற்றடித்தாலும் இடி இறங்கினாலும் மின்சாரம் போகும். காலை ஏழு மணிக்குச் சர்வர் அணைந்திருந்தால் அன்றைய ரிப்போர்ட் தவறும். மின்சாரம் வந்து சர்வர் எழுந்த பிறகு, தவறவிட்ட வேலையை அது தானாகச் செய்யாது. "குறித்த நேரம் தவறினால் முடிந்த விரைவில் ஓட்டு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நாம்தான் டிக் போட வேண்டும். இன்னொன்று நுட்பமானது. "மின் இணைப்பில் இருக்கும்போது மட்டும் தொடங்கு" என்ற நிபந்தனை மடிக்கணினிகளுக்காக முன்கூட்டியே டிக் போடப்பட்டிருக்கும். யூஎஸ்பி கேபிள் வழியாக யூபிஎஸ்ஸைச் சர்வரில் இணைத்திருந்தால், விண்டோஸ் அதைப் பெரும்பாலும் ஒரு பேட்டரியாகவே எண்ணுகிறது. மின்சாரம் போய் யூபிஎஸ்ஸில் ஓடும்போது, சர்வர் உயிரோடு இருந்தும் ரிப்போர்ட் தொடங்காது. நமக்கு ரிப்போர்ட் அவசியமாகத் தேவைப்படும் நேரமும் அதுதான். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

கையால் ஓட்டினால் நன்றாக ஓடி, ஷெட்யூலரில் மட்டும் பாதியில் விழும் ஸ்கிரிப்டுகளும் உண்டு. நாம் லாக்-இன் செய்து உட்கார்ந்திருக்கும்போது நம்மைச் சுற்றி எத்தனையோ வசதிகள் இருக்கின்றன. அதிகாலையில் தனியாக எழும் ஸ்கிரிப்டுக்கு அவை இல்லை. நாம் இசட் என்ற எழுத்தில் இணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரியாது. கோப்பின் முழு முகவரியை எழுதாமல் வெறும் பெயரை மட்டும் எழுதியிருந்தால், அது விண்டோஸின் உள் ஃபோல்டர் ஒன்றில் போய்த் தேடும். லினக்ஸில் க்ரான் இதே வேலையைச் செய்கிறது; அங்கும் இதே தொல்லைதான். க்ரானுக்குத் தெரிந்த பாதைகள் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் முழு முகவரி கொடுக்க வேண்டும். மின்தடையில் தவறியதை க்ரானும் மீண்டும் ஓட்டாது. அதற்கு அனாக்ரான் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

சேகரிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கோளாறுகள் இதைவிடக் குறைவு. சி டிரைவ் நிறைந்துவிட்டால் ரிப்போர்ட்டை எழுத இடமிருக்காது. "இடம் குறைகிறது" என்று சொல்ல வேண்டிய அறிக்கையே இடமில்லாமல் நின்றுபோகும். பழைய பதிவுக் கோப்புகளை அழித்தால் சரியாகிவிடும். தகவல்களை மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் சேர்த்து வைக்கும் முறைகளில், அந்த இலவசப் பதிப்புக்கு ஓர் அளவு வரம்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். 2005 பதிப்பில் ஒரு தரவுத்தளத்துக்கு 4 ஜிபி. 2008 ஆர்2 வந்தபோது அது 10 ஜிபி ஆனது. வரம்பைத் தொட்டதும் புதிய தகவல் ஏறாது. ரிப்போர்ட் வெறுமையாக வரும், அல்லது வராது. பழைய மாதங்களின் தகவலைக் கழித்துவிட வேண்டும்.

அஞ்சல் போகும் வழி

கோப்பு இன்றைய தேதியில் இருக்கிறது, மின்னஞ்சல் மட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஸ்பாம் ஃபோல்டரைப் பாருங்கள். அடுத்து, ரிப்போர்ட்டுகளைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பச் சொல்லி நீங்களோ உங்களுக்கு முன் இருந்தவரோ ஏதாவது விதி எழுதி வைத்தீர்களா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லை என்றால் சர்வருக்குத் திரும்பலாம்.

சர்வர் மின்னஞ்சலைக் கொடுக்கும் வாசல்களுக்கு எண் உண்டு. 25 என்பது ஓர் அஞ்சல் சர்வர் இன்னோர் அஞ்சல் சர்வரிடம் பேசும் வாசல். ஸ்பாம் தொல்லையால் பல இணையச் சேவை நிறுவனங்கள் சாதாரண இணைப்புகளில் இதை அடைத்து வைத்திருக்கின்றன. நம் போன்றவர்கள் பயன்படுத்த வேண்டியது 587 அல்லது 465. கடையின் இணைய இணைப்பை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய மறுநாளே ரிப்போர்ட் நின்றது என்றால், ஸ்கிரிப்ட் இன்னும் 25ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வாசல் திறந்திருக்கிறதா என்பதை விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் சோதிக்கலாம். திறக்கவில்லை என்றால் ஃபயர்வால், ஆன்டிவைரஸ், இணைய இணைப்பு என்று அந்த வரிசையில் போங்கள்.

வாசல் திறந்தும் உள்ளே விடவில்லை என்றால், அது அடையாளச் சிக்கல். ஜிமெயில் வழியாக ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருந்த பலருக்கு இது தெரிந்த கதை. பயனர் பெயரும் சாதாரண பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்து நுழையும் வழியைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் மூடியது. நம் ஸ்கிரிப்டில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனாலும் அதுவரை ஒழுங்காக வந்த ரிப்போர்ட்டுகள் நின்றுபோயின. இப்போது அந்தக் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை வாங்கி, அதை ஸ்கிரிப்டில் கொடுக்க வேண்டும். ஒன்றைக் குறித்து வையுங்கள்: அந்தக் கூகுள் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால், ஆப் பாஸ்வேர்டுகளும் செல்லாமல் போய்விடும். முதலாளி தன் கைபேசியில் பாஸ்வேர்டை மாற்றுகிறார், ஆலையில் ரிப்போர்ட் நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே ரிப்போர்ட்டுக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

சர்வர் பழையது என்றால் இன்னொரு தடை. அஞ்சல் சேவைகள் பாதுகாப்பான உரையாடலுக்கு டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையின் 1.2 பதிப்பு வேண்டும் என்கின்றன. பழைய விண்டோஸும் பழைய ஸ்கிரிப்டுகளும் 1.0வில் பேசத் தொடங்கி, கைகுலுக்கும் கட்டத்திலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. பல நேரங்களில் 1.2ஐப் பயன்படுத்தச் சொல்லி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் தீரும். தீராவிட்டால் அந்தச் சர்வரையே மாற்றும் காலம் வந்துவிட்டது.

சொந்த டொமைன் முகவரியிலிருந்து அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு பதிவுகளைக் கவனிக்க வேண்டும். எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இன்னார் இன்னாருக்குத்தான் உரிமை என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். இந்தக் கடிதம் எங்களுடையதுதான் என்ற முத்திரை டிகேஐஎம். இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் எதிர்பார்க்கிறது. இல்லாவிட்டால் ரிப்போர்ட் ஸ்பாமில் விழும், அல்லது வழியிலேயே திருப்பப்படும்.

நாணய அளவு பேட்டரி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரையை மீறி நெல்லை சந்திப்புப் பக்கமெல்லாம் புகுந்தது. அங்கே ஒரு மொத்த வியாபாரக் கடையின் சர்வர் மாடியில் இருந்ததால் தண்ணீர் படாமல் தப்பியது. கீழே சேறு அள்ளி முடிக்கும்வரை பல நாள் மின்சாரம் இல்லை. பிறகு சர்வரை ஏற்றினோம். கணக்கு திறந்தது, கோப்புகள் எல்லாம் பத்திரம். கடைக்காரர் கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் மறுநாள் காலை ரிப்போர்ட் வரவில்லை.

கோப்பு இருந்தது. வாசல் திறந்திருந்தது. பாஸ்வேர்ட் சரி. ஆனாலும் அஞ்சல் சேவையின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பதிவுக் கோப்பு சொன்னது. அரை மணி நேரம் ஃபயர்வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ரிப்போர்ட் கோப்பின் பெயரில் இருந்த தேதியை முழுதாகப் படித்தேன். நாள் மாதமெல்லாம் இருக்கட்டும், ஆண்டு 2012 என்றிருந்தது.

மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் போல வட்டமாக, வெள்ளி நிறத்தில் ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று அதன் மேல் பொறித்திருக்கும், 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது சர்வரின் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். தினமும் மின்சாரம் இருக்கும்வரை அது தேய்ந்ததே நமக்குத் தெரியாது. பல நாள் தொடர்ந்து அணைந்திருந்தபோது அது கைவிட்டது. கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விட்டது. சான்றிதழ்கள் எல்லாம் "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும்" என்றுதான் எழுதப்பட்டிருக்கும். 2012இல் நிற்கும் சர்வருக்கு, 2023இல் வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. எப்படி நம்பும்? கவரை நெம்பிப் பழையதை எடுத்து மல்டிமீட்டரில் வைத்தால், 3 வோல்ட் காட்ட வேண்டிய முள் 2க்குக் கீழே நின்றது. பக்கத்துத் தெருக் கடிகாரக் கடையில் ஒரு புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு, தேதியைத் திருத்தி, இணையத்திலிருந்து நேரத்தைச் சரிபார்க்கும் சேவையையும் ஓடவிட்டேன். இரண்டு நிமிடத்தில் ரிப்போர்ட் என் கைபேசியில் வந்து விழுந்தது. நீண்ட மின்தடைக்குப் பிறகு எந்தச் சர்வரை ஏற்றினாலும் நான் முதலில் பார்ப்பது இப்போது தேதியைத்தான்.

வந்தும் தவறாகச் சொல்லும் ரிப்போர்ட்

நின்ற ரிப்போர்ட்டைவிட எனக்குப் பெரிய கவலை, வந்துகொண்டே இருந்து தவறான செய்தி சொல்வது. பேட்டைப் பக்கம் ஓர் இடத்தில் டிஸ்கில் மிச்ச இடம் 212.4 ஜிபி என்று ஒன்பது நாள் தொடர்ந்து வந்தது. நாளும் பில் போடும் கடையில் தசமப் புள்ளிகூட நகராமல் இருக்க முடியுமா? மழை பெய்துகொண்டிருக்கும்போது அணையின் நீர்மட்டம் ஒன்பது நாள் ஒரே எண்ணாக அச்சானால், அந்த எண்ணை யாரும் அளக்கவில்லை என்றுதானே கொள்வோம்? அங்கும் அதுதான். சேகரிக்கும் பகுதி நின்றுபோயிருந்தது. அனுப்பும் பகுதி பழைய கோப்பையே எடுத்து எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டின் முதல் வரியில், தகவல் சேகரித்த நேரம் தனியாக இருக்க வேண்டும். மின்னஞ்சல் வந்த நேரத்தை நம்பக் கூடாது.

பேக்கப் பற்றிய வரியும் இப்படித்தான். "வெற்றி" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். கடைசி பேக்கப் கோப்பின் தேதியும் அளவும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். நேற்று 38 ஜிபி, இன்று 0 என்றால் பக்கத்தில் என்ன சொல் இருந்தாலும் அது பேக்கப் ஆகாது. மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை மீட்டு, திறந்து பாருங்கள். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

கோளாறு இருந்தால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பு என்று அமைக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். தினமும் ஒரே மெயில் வந்தால் சலிப்பாக இருக்கிறது என்பது அவர்கள் குறை. அந்தக் குறை நியாயமானதே. ஆனால் அப்படி அமைத்தால், எல்லாம் நலம் என்பதற்கும் சர்வர் செத்துக் கிடக்கிறது என்பதற்கும் அடையாளம் ஒன்றாகிவிடும்: இரண்டிலும் மெயில் வராது. தினமும் வரட்டும், ஆனால் சுருக்கமாக வரட்டும். தலைப்பிலேயே தேதியும் "எல்லாம் சரி" அல்லது "பார்க்கவும்" என்ற சொல்லும் இருந்தால், திறக்காமலே தெரிந்துவிடும். தலைப்பு தினமும் ஒன்றாக இருந்தால் ஜிமெயில் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அடுக்கிவிடும். நடுவில் ஒருநாள் விடுபட்டது தெரியாது. தேதி சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

வரவில்லை என்பதை யார் கவனிப்பது?

ரிப்போர்ட் வராததைச் சர்வரே சொல்ல முடியாது. வெளியில் இருக்கும் ஒருவர்தான் சொல்ல வேண்டும். இணையத்தில் இதற்கான சேவைகள் இருக்கின்றன. ஒவ்வொரு காலையும் ரிப்போர்ட் முடிந்ததும் சர்வர் அவற்றின் கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போகும். ஒரு காலை தட்டல் கேட்கவில்லை என்றால் அவை உங்கள் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். பத்து இடத்துச் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு இது கட்டாயம் வேண்டும்.

ஒரே சர்வர் உள்ள கடைக்கு நான் செய்து வைப்பது இதைவிட எளிது. எல்லாக் கடைகளிலும் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். கடை திறந்ததும் தாளைக் கிழிப்பது யாராவது ஒருவரின் வேலையாக இருக்கும். அரிசி ஆலையில் அது பில் போடும் அக்காவின் வேலை. தாளைக் கிழித்ததும் கைபேசியில் ரிப்போர்ட் வந்திருக்கிறதா என்று பார்த்து, புதிய தாளின் மூலையில், நல்ல நேரம் போட்டிருக்கும் கட்டத்துக்கு மேலே, பேனாவால் ஒரு டிக் போடச் சொன்னேன். வரவில்லை என்றால் டிக் போடாமல் எனக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். என்ன காரணம் என்று அவர் ஆராய வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை எட்டரை மணிக்கு அழைப்பு வந்தது.

"சார், இன்றைக்கு ரிப்போர்ட் வரவில்லை."

"காலையில் மின்சாரம் இருந்ததா அக்கா?"

"ஆறரைக்குப் போய் இப்போதுதான் வந்தது. சர்வரைப் போட்டுவிட்டேன்."

நான் இங்கிருந்தே சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். தவறிய வேலையை மீண்டும் ஓட்டும் கட்டத்தில், பேக்கப்புக்கு டிக் போட்டிருந்தேன். ரிப்போர்ட்டுக்குப் போட மறந்திருந்தேன். போட்டுவிட்டு, கையால் ஒருமுறை ஓட்டினேன்.

"இப்போது வந்துவிட்டது சார்" என்றார். "டிக் போட்டுக்கொள்ளட்டுமா?"

"நேற்றைய பேக்கப் எத்தனை ஜிபி என்று இருக்கிறது, படியுங்கள்."

"நாற்பத்தொன்று புள்ளி இரண்டு."

"போட்டுக்கொள்ளுங்கள் அக்கா."